கொரோனா காலத்தில் கலிபோர்னியாவுக்குப் பணம் கொட்டியதாமே, அப்புறம் ஏன் அரசு ஊழியர் சம்பளத்தை வெட்டினார்கள்?

கணிப்பு தப்பியதுதான் காரணம். 54 பில்லியன் டாலர் துண்டு விழும் என்று 2020 மே மாதம் ஆளுநர் கேவின் நியூசம் சொன்னார். மத்திய அரசைப் போலக் கடனை வாங்கிச் சமாளிக்க வழியில்லை. பட்ஜெட்டில் வரவும் செலவும் பொருந்த வேண்டும் என்பது அங்கே சட்டம். சட்டென்று கைவைக்க முடிந்தது சம்பளத்தில்தான். ஜூலை முதல் பெரும்பாலானோருக்குச் சுமார் 9 சதவீத வெட்டு, பதிலுக்கு மாதம் 2 நாள் விடுப்பு. 5,000 டாலர் வாங்கியவருக்கு ஏறக்குறைய 460 டாலர் போச்சு. ஓய்வுக்கால மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்தில் பிடிக்கும் தொகையை நிறுத்திவைத்ததால் அடி கொஞ்சம் குறைந்தது.

சரி, பணம் எப்படி வந்தது? வேலை இழந்தவர்கள் ஓட்டல், கடைச் சிப்பந்திகள். அவர்கள் கட்டும் வருமான வரி சொற்பம். அந்த வரியில் பாதியளவு மேல்தட்டு 1 சதவீதத்தினருடையது. அவர்களுக்கோ பங்குச் சந்தை ஏறிக்கொண்டே போனது! 2021 மே மாதம் அதே ஆளுநர் 75.7 பில்லியன் உபரி என்றார். ஜூலையில் வெட்டு நீங்கியது.

நிஜமான ஆட்குறைப்பு பெரும்பாலும் உள்ளாட்சிகளிலும் பள்ளிகளிலும்தான். பள்ளியே பூட்டிக் கிடந்தால் பேருந்து ஓட்டுநருக்கு என்ன வேலை?