மாப்பிள்ளையின் அம்மா எதைப் பார்ப்பார்? கதை எழுதுவோருக்கான கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வர்ணனை பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: கதையில் வரும் வீட்டை ஒரு பக்கம் வர்ணித்திருக்கிறேன். படித்த நண்பர், "வீடு கண்ணுக்கே தெரியலையே" என்கிறார். இன்னும் என்ன சேர்க்கலாம்?

எதையும் சேர்க்க வேண்டாம். சுவர், ஜன்னல், சோபா, டிவி எல்லாம் உங்கள் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கிற ஆள்தான் இல்லை.

அதே வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வையுங்கள். மாப்பிள்ளையின் அம்மா உட்காரும்போதே, நாற்காலியின் முதுகில் வாடகைப் பாத்திரக் கடையின் பெயர் பெயின்டில் எழுதியிருப்பதைக் கவனித்துவிடுவார். அடுத்து, புதிதாக அடித்த வெள்ளையையும் மீறித் தெரியும் கூரை ஒழுகல். பெண்ணின் தம்பிக்கு இதெல்லாம் கண்ணில் படாது. தட்டில் எத்தனை பஜ்ஜி மிஞ்சும் என்பதுதான் அவன் கவலை. பெண்ணோ உள்ளறையில் இருக்கிறாள். கதவிடுக்கு வழியாக அவளுக்குத் தெரிவது வாசலில் கிடக்கும் செருப்புகள் மட்டும். நடுவில் ஒரு ஜோடி ஷூ, பளபளவென்று பாலிஷ் போட்டது, ஆனால் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. ஆள் எப்படி நடப்பான் என்று யோசிக்கத் தொடங்குகிறாள். சுவரின் நிறத்தை நீங்கள் சொல்லவே இல்லை, வாசகரும் கேட்கப்போவதில்லை.

கே: ஒவ்வொரு காட்சியிலும் ஐந்து புலன்களும் வர வேண்டுமாமே?

வேண்டியதில்லை. பவர்கட் இரவில் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான். ஐந்தையும் வரிசையாக நிரப்பினால் அது ஹோம்வொர்க் என்று தெரிந்துவிடும்.

கே: நிலவு முகம், மான் விழி தவிர வேறு உவமை எனக்கு வரமாட்டேன் என்கிறது.

தொல்காப்பியம் உவமைக்கு நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். நீங்கள் கடைசி இரண்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். முகத்தை விட்டுவிட்டுச் செயலுக்குப் போங்கள். "கண்டக்டர் நெரிசலுக்குள் பல்லிபோல ஒட்டி ஒட்டி நகர்ந்தார்" என்றால் கண்டக்டரும் தெரிகிறார், கூட்டமும் தெரிகிறது. அப்புறம், ஒரு பத்திக்கு ஓர் உவமை போதும். இரண்டாவது வந்தால் முதலாவது செத்துவிடும்.

கே: கதையை "பொழுது புலர்ந்தது" என்று தொடங்கலாமா?

கதைக்கு விடியல் எதற்கு என்று பதில் இருந்தால் தொடங்கலாம். சும்மா தொடங்க ஓர் இடம் வேண்டுமே என்று விடியவைக்கிறவர்கள்தான் அதிகம். நம் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, இரண்டையும் மனநிலையோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. பிரிவுக்கு வேனிலும் நண்பகலும். காத்திருப்புக்குக் கார்காலமும் மாலையும். இதை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. ஆனால் மகன் வெளிநாடு கிளம்பும் காட்சியை உச்சி வெயிலில், தெருவில் ஒரு நாய்கூட இல்லாத நேரத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். விடியற்கால ஏர்போர்ட்டை விட அது கூடுதலாகச் சுடும்.

கே: "அவள் அழுதாள்" என்று நேரடியாக எழுதக் கூடாதா?

தாராளமாக எழுதலாம். எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே இருந்தால் கதை நகராது. முக்கியமான அழுகையை மட்டும் காட்டுங்கள்.

கே: ராஜராஜன் காலத்து அரண்மனைச் சமையலறையை எழுதுகிறேன். வாசனை, நிறம் எல்லாம் வர வேண்டும். எதில் கவனமாக இருப்பது?

முதலில் மிளகாயைத் தூக்கி வெளியே போடுங்கள். ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-இல். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, அதற்கப்புறம் வந்தவை. தோட்டத்தில் கொய்யாவும் பப்பாளியும் கூடாது. போர்க்களத்துக்குப் போகும் வழியில் சீமைக்கருவேலம் முளைத்திருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள்.

இதனால் காட்சி வறண்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். காரத்துக்கு மிளகு, இஞ்சி இருக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் அமுதுக்கான அரிசி, நெய், தயிர், மிளகு எல்லாம் அளவோடு வெட்டப்பட்டிருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான், அதாவது நடராஜர், என்று பெயர். "மரக்காலால் அளந்தான்" என்பதற்கும் "ஆடவல்லானால் அளந்தான்" என்பதற்கும் எவ்வளவு தூரம்! அந்த ஒரு பெயர் போதும்; தங்கத் தூண், பட்டுத் திரை எதுவும் தேவைப்படாது.

கே: எழுதிய வர்ணனையில் எதை வெட்டுவது என்று தெரியவில்லை. எல்லாமே பிடித்திருக்கிறது.

வாய்விட்டுப் படியுங்கள். "ரம்மியமான", "அழகிய", "இனம்புரியாத" வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். சரி, மீதியை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் போனை எடுக்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.