எட்டு எண்ணினால் 10-8 ஆகிவிடாது

கேள்வி: என் தம்பி அமெச்சூர் குத்துச்சண்டை வீரன். இரண்டாவது ரவுண்டில் எதிராளியைக் கீழே வீழ்த்தினான், ரெஃபரி எட்டு வரை எண்ணினார். ஆனாலும் ஐந்து ஜட்ஜுகளும் அந்த ரவுண்டுக்கு, வென்றவனுக்குப் பத்து, மற்றவனுக்கு ஒன்பது என்று 10-9 தான் போட்டார்கள். மற்ற இரண்டு ரவுண்டையும் மூன்று ஜட்ஜுகள் எதிராளிக்குக் கொடுத்ததால் 29-28 என்று தோற்றான். வீழ்த்தினால் 10-8 தானே? முடிவை மாற்றித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார்.

பதில்: முதலில் அந்த ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஜட்ஜ் போட்ட புள்ளியை வெளியாள் யாராலும் மாற்ற முடியாது. ஆட்சேபம் என்று ஒன்று இருந்தால், அதை உங்கள் அணியின் பொறுப்பாளர் போட்டி நடக்கும் இடத்திலேயே, குறித்த நேரத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். தோற்ற பிள்ளையின் வீட்டாரைத் தேடி இப்படிப்பட்டவர்கள் வருவது வாடிக்கை. "ஜட்ஜை எனக்குத் தெரியும்" என்பார்கள். தெரிந்தே இருந்தாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

நீங்கள் சொல்லும் 10-8 தொழில்முறைப் போட்டியின் பழக்கம். அமெச்சூரில் வீழ்த்தியதற்கென்று தனிப் புள்ளி கிடையாது. அந்தக் குத்து தெளிவாக விழுந்த நல்ல குத்துகளில் ஒன்று, அவ்வளவுதான். கீழே விழாமல் தள்ளாடி நிற்பவருக்கும் ரெஃபரி எட்டு எண்ணுவார். ரவுண்டு முழுக்க ஒருவர் கை ஓங்கியிருந்தால்தான் ஜட்ஜ் 10-8 போடுவார். உங்கள் தம்பிக்கு அப்படிப் போட்டிருந்தாலும் 28-28 என்று சமன்தான் ஆகியிருக்கும். அப்போது வென்றது யார் என்பதை ஜட்ஜே சொல்ல வேண்டும்.

தொழில்முறையில் ஒரு முறை வீழ்த்தினால் பொதுவாக 10-8, இரு முறை என்றால் 10-7. ஒரே ரவுண்டில் இருவரும் ஒவ்வொரு முறை விழுந்தால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். குழப்பம் வருவது வேறிடத்தில். மூன்று நிமிட ரவுண்டில் இரண்டே முக்கால் நிமிடம் ஒருவர் எதிராளியைப் புரட்டி எடுக்கிறார் என்று வையுங்கள். கடைசி நொடிகளில் இடது கையால் வளைத்து விட்ட குத்து (ஹூக்) ஒன்றை வாங்குகிறார், கையுறை மேடைத் தரையைத் தொட்டுவிடுகிறது, உடனே எழுந்து சிரிக்கிறார். கையுறை தொட்டாலே நாக் டவுன், அதாவது வீழ்த்தியதாகத்தான் கணக்கு. ஒரு ஜட்ஜ் கண்ணை மூடிக்கொண்டு 10-8 போடுவார். பக்கத்தில் இருப்பவர், மீதி ரவுண்டை விழுந்தவர்தானே ஆண்டார் என்று வீழ்த்தியவருக்கு 10-9 மட்டும் தருவார். இரண்டும் செல்லும்! எவ்வளவு ஆண்டால் போதும் என்று எங்கும் அளவு சொல்லவில்லை, ஜட்ஜிடம் காரணம் கேட்கவும் வழியில்லை. இத்தனை ஆண்டுகளாக இதை ஒழுங்குபடுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

வீழ்த்துவதன் மதிப்பு எவ்வளவு என்று பார்க்க 2018 டிசம்பரில் வைல்டர், ஃபியூரி என்ற இரு தொழில்முறை வீரர்கள் மோதிய போட்டி போதும். ஒன்பதாவது, பன்னிரண்டாவது ரவுண்டுகளில் ஃபியூரி விழுந்தார். ஒரு ஜட்ஜ் வைல்டருக்கு 115-111, இன்னொருவர் ஃபியூரிக்கு 114-112, மூன்றாமவர் 113-113. டிரா! ஃபியூரிக்குக் கொடுத்தவரின் அட்டைப்படி, விழாத பத்து ரவுண்டில் எட்டை அவரே வென்றிருந்தார். ஒரு நாக் டவுனால் கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி.

உங்கள் தம்பி கோட்டை விட்டது முதல், மூன்றாம் ரவுண்டுகளில். அந்த வீடியோவைப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.