பக்கத்து வீட்டு பிலிப்பைன்ஸ் அம்மா பாசமில்லாதவரா?

டொராண்டோவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மகனோடு படிக்கும் பிலிப்பைன்ஸ் பையனும் அவன் அம்மாவும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசி நீங்கள் பார்த்ததே இல்லை, அந்த வீட்டுக்கு மகனை விளையாட அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள்.

பாத்தர்ஸ்ட், வில்சன் சாலைகள் சந்திக்கும் பக்கம் நான் பல வருடம் குடியிருந்தேன். 'குட்டி மணிலா' என்றே அந்த வட்டாரத்தைச் சொல்வார்கள். அங்கே பல வீடுகளில் அம்மாதான் முதலில் தனியாக வந்திருப்பார், யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. 1992 முதல் 2014 வரை இருந்த கனடா அரசின் திட்டத்தில் வேலை செய்யும் வீட்டிலேயே தங்கவும் வேண்டும். இரண்டு வருட முழுநேர வேலை முடிந்தால்தான் பி.ஆருக்கு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, விண்ணப்பம். அது கைக்கு வந்து பிள்ளைகள் வந்து சேர மேலும் சில வருடம். அப்புறம் விதிகள் மாறின, காத்திருப்பு ஒழியவில்லை. பாட்டியிடம் விட்டுவந்த கைக்குழந்தை மீசை அரும்பும் வயதில் விமானம் விட்டு இறங்கினால், அவனிடம் எதிலிருந்து பேச்சைத் தொடங்குவது?

என் மாடி வீட்டுக்காரம்மாவின் ஹாலில் எப்போதும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி திறந்தே கிடக்கும். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அனுப்பும் 'பாலிக்பாயன்' பெட்டி. சம்பளம் வரும்போதெல்லாம் சோப்பு, சாக்லேட், டின் இறைச்சி, துண்டு என்று ஒவ்வொன்றாக உள்ளே போகும். இண்டு இடுக்கில் சாக்ஸைத் திணிப்பார். மகனின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து ஊரிலிருந்து அனுப்பியிருப்பார்கள். அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோய் ஷூவோடு வைத்துப் பார்ப்பார். கப்பலில் பெட்டி போய்ச் சேர்வதற்குள் கால் வளர்ந்துவிடும் என்று ஒரு அளவு கூட்டியே எடுப்பார். அதே மகன் நேரில் வந்தபோது அவருக்குப் பேச வாய் வரவில்லை. சினிகாங் வைத்து மூடிவிட்டு இரவு ஷிப்டுக்கு ஓடுவார். புளி விட்ட சூப் அது, நம் ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

அதற்காக இதைத் தியாகம் என்று கொண்டாடவும் எனக்கு மனமில்லை. பெட்டி வரும் நாளில் தெருவே பொறாமைப்படும், ஆனால் பள்ளி விழாவில் மெடல் குத்திவிட மேடைக்கு வந்தது எப்போதும் பாட்டிதான் என்று அந்தப் பையன் பெரியவனான பிறகு என்னிடம் சொன்னான். வளைகுடாவுக்குப் போன அப்பாவைப் போனிலேயே பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இது விளங்கும்.

சரி, அனுப்பும்போது சில விஷயம். மகன் பன்றி இறைச்சி சாப்பிட மாட்டான் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பல சமையலில் அது இருக்கும். வீட்டில் பாட்டி இருந்தால் அவர் கையை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம், உங்கள் மகனும் செய்தால் பூரித்துப்போவார். பையன் ஏன் பேசுவதில்லை என்று மட்டும் அந்த அம்மாவிடம் கேட்காதீர்கள். இரவு ஷிப்ட் நாளில் பையன் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். மறுநாளே ஒரு டப்பா நிறைய நூடுல்ஸ் வந்து நிற்கும்.