போனில் பார்க்கிறார்கள், வாங்குவதில்லை: இணையதளத்தில் எங்கே சிக்கல்?

கேள்வி: மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறோம். போன வருஷம் கடைக்கென்று ஒரு இணையதளம் செய்தோம். லேப்டாப்பில் பார்த்தால் அழகாக இருக்கிறது. தளத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் போனில்தான் வருகிறார்கள் என்று கணக்கு காட்டுகிறது. ஆனால், ஆர்டர் அதிகம் வருவது கணினியிலிருந்து. போனில் பார்ப்பவர்கள் வாட்ஸ்அப்பில் வந்து 'விலை என்ன?' என்கிறார்கள், விலை தளத்திலேயே இருக்கிறது. தளத்தைச் செய்து தந்தவர், மொபைலுக்குத் தனியாக ஒரு தளம் போடலாம், இல்லையென்றால் ஆப் செய்யலாம் என்கிறார். எதற்குப் பணம் போடுவது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இப்போதைக்கு இரண்டுக்குமே வேண்டாம். இருக்கிற தளத்தில் நான்கைந்து இடங்களைச் சரிசெய்தால் போனிலும் ஆர்டர் வரத் தொடங்கும். நீங்கள் அனுப்பிய முகவரியைச் சாதாரண ஆண்ட்ராய்டு போனில், மொபைல் டேட்டாவில் திறந்து, ஒரு சேலையைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் இடம்வரை போய்ப் பார்த்தேன். குறைகள் வழியிலேயே தெரிந்துவிட்டன.

முதலில் அந்த 'விலை என்ன?'. லேப்டாப்பில் சேலைப் படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் விலையும் 'கூடையில் சேர்' பட்டனும் எழும்பி வருகின்றன. போனில் மவுஸ் இல்லை. விரல் தொட்டால் அடுத்த பக்கம் திறக்கிறது. தொடாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஆக, போனில் பார்ப்பவருக்குப் பட்டியல் முழுக்க விலையே இல்லாத சேலைகள்தான். ஒரு படத்தைத் தொட்டு உள்ளே போனாலும் நெசவைப் பற்றிய குறிப்பு, துவைக்கும் முறை, தபால் விவரம் எல்லாம் தாண்டித்தான் விலை வருகிறது. அதுவரை உருட்டிக்கொண்டு போவதைவிட வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்பது அவருக்குச் சுலபம். விலை ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எப்போதும் தெரியட்டும். உள்பக்கத்தில் படம், விலை, வாங்கும் பட்டன் மூன்றும் முதல் திரையிலேயே வரட்டும். மற்ற விவரமெல்லாம் அதற்குக் கீழே போகட்டும். மவுஸ் வைத்தால் மட்டும் தெரியும் எதுவும் போனில் இல்லாததற்குச் சமம். தளத்தில் வேறு எங்கெல்லாம் இப்படி ஒளிந்திருக்கிறது என்று டெவலப்பரைத் தேடச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. யூபிஐ என்று தேர்ந்தெடுத்ததும் திரையில் ஒரு க்யூஆர் கோடு வருகிறது. கணினியில் அது மிகச் சரி: திரையில் கோடு, கையில் போன், ஸ்கேன் செய்தால் முடிந்தது. ஆனால் போனிலும் அதே கோடுதான் வருகிறது. கையில் இருக்கும் போனின் கேமராவால் அதே போனின் திரையை எப்படி ஸ்கேன் செய்வது? ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஜிபேயிலோ போன்பேயிலோ ஏற்றத் தெரிந்த சிலர் தப்பித்துவிடுவார்கள். மற்றவர்கள் 'அப்புறம் பார்க்கலாம்' என்று மூடிவிட்டுப் போவார்கள். அவர்களில் சிலர்தான் பின்னொரு நேரத்தில் கணினியில் வந்து வாங்குகிறார்கள் என்பது என் கணிப்பு. போனில் வருபவருக்குத் தொட்டவுடன் யூபிஐ ஆப்பே திறக்க வேண்டும். பணம் வாங்கித் தரும் நிறுவனங்கள் இதை 'யூபிஐ இன்டென்ட்' என்று தருகின்றன. பெரும்பாலும் உங்கள் கணக்கிலேயே அந்த வசதி இருக்கும், இயக்கினால் போதும். இயக்கிய பிறகு இன்ஸ்டாகிராமுக்குள்ளிருந்தும் ஒருமுறை சோதியுங்கள். அங்கே லிங்க்கைத் தொட்டால் குரோம் திறப்பதில்லை. ஆப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன பிரவுசர்தான் திறக்கிறது. அதிலிருந்து யூபிஐ ஆப்புக்குத் தாவுவது சில போன்களில் நடக்காது. பணம் கட்டிவிட்டுத் திரும்பும்போது பக்கம் புதிதாக ஏறிக் கூடை காலியாகிறதா என்பதையும் பாருங்கள். நினைவகம் குறைந்த போன்களில் இது அடிக்கடி நேரும்.

இப்போது உங்கள் வருகைக் கணக்கைப் பற்றி. அறிக்கையில் 'மொபைல்', 'டெஸ்க்டாப்' என்று இரண்டு வரி இருப்பதால் வாடிக்கையாளர்களும் இரண்டு ரகம் என்று நினைக்கத் தோன்றும். நிஜத்தில் பலர் ஒரே ஆள். காலையில் பஸ்ஸில் இன்ஸ்டாகிராமில் உங்கள் சேலையைப் பார்க்கிறார். மதியம் அலுவலகக் கணினியில் நிறத்தைப் பெரிதாகப் பார்த்து, இன்னும் இரண்டு கடைகளோடு ஒப்பிடுகிறார். இரவு வீட்டில் அம்மாவிடம் போனைக் காட்டி 'மாம்பழ மஞ்சளா, அரக்கா?' என்று கேட்கிறார். கடைசியில் எந்தத் திரையில் பணம் கட்டினாரோ அதன் பெயரில்தான் ஆர்டர் பதிவாகிறது. உள்நுழையாமல் பார்த்தவர் என்றால் இந்த வருகைகளை அறிக்கை வெவ்வேறு ஆட்களாக எண்ணக்கூடும். 'போனில் வருபவர்கள் வாங்குவதில்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். போனில் தொடங்கியதைக் கணினியில் தொடரவும், கணினியில் பார்த்ததைப் போனில் முடிக்கவும் அவருக்கு வழி வேண்டும். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஒவ்வொரு சேலைக்கும் நிலையான ஒரே இணைய முகவரி, 'இதை எனக்கு அனுப்பு' என்று வாட்ஸ்அப்பில் பகிரும் பட்டன், போன் எண்ணும் ஓடிபியும் மட்டும் கேட்டுக் கூடையைச் சேமித்து வைக்கும் வசதி போதும்.

மொபைலுக்குத் தனித்தளம் ஏன் வேண்டாம் என்பதற்கும் இதுவே முதல் காரணம். போனில் ஒரு முகவரி, கணினியில் இன்னொன்று என்றால் பகிர்ந்த லிங்க் தவறான வடிவத்தில் திறக்கும். விலையை இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும், ஒன்றில் மறந்துபோகும். 'எம்' என்று தொடங்கும் தனி மொபைல் முகவரிகள் ஒரு காலத்தில் எங்கும் இருந்தன. ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் முறையை 2010 மே மாதம் ஈத்தன் மார்காட் என்ற வடிவமைப்பாளர் எழுதி விளக்கினார். ரெஸ்பான்சிவ் என்று அவர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு தனித்தளத்துக்கான தேவை மெல்ல மறைந்தது. கூகுளும் 2016இல் அறிவித்து, படிப்படியாக மாற்றி, 2023இல் முடித்த ஒரு மாற்றத்தின்படி, தளங்களைப் போனில் தெரியும் வடிவத்தை வைத்துத்தான் படித்துப் பட்டியலிடுகிறது. லேப்டாப்பில் மட்டும் இருந்து போனில் நீக்கப்பட்ட விவரம் தேடலில் கணக்கில் வராது.

ஆப் என்பது அடிக்கடி வருபவருக்கானது. வருஷத்துக்கு இரண்டு மூன்று சேலை வாங்குபவர் அதற்காக ஒரு ஆப்பை இறக்கி வைத்திருக்க மாட்டார். செய்து முடித்த பிறகும் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் செலவு நிற்காது.

படங்களுக்கு வருகிறேன், சேலை வியாபாரத்தில் இதுதான் உயிர். உங்கள் பட்டியல் பக்கத்தில் படங்கள் கேமராவில் எடுத்த அளவிலேயே ஏறியிருக்கின்றன, ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி. இருபது சேலை உள்ள பக்கம் என்றால் நூறு எம்பியை நெருங்கிவிடும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்று ரீசார்ஜ் செய்பவரின் டேட்டாவில் இது சின்ன பங்கு இல்லை. பல ஆண்ட்ராய்டு போன்களின் திரை அகலம் 1,080 பிக்ஸல். அதற்கு மேல் பெரிய படம் பட்டியலில் வீண். 1,080 அகலத்தில், வெப்பி (WebP) என்ற, கோப்பின் அளவைக் குறைக்கும் பட வடிவில் சேமித்தால் பெரும்பாலான படங்களை 200 கேபிக்குள் அடக்கிவிடலாம். திரைக்குக் கீழே இருக்கும் படங்கள், பார்ப்பவர் அங்கே உருட்டி வரும்போது ஏறினால் போதும். பெரிய படத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம். சுங்குடி வாங்குபவர் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த அந்தப் புள்ளிகளைக் கிட்டத்தில் பார்க்க விரும்புவார். படத்தைத் தொட்டால் மட்டும் முழு அளவுப் படம் வரட்டும். இன்னொன்று: உங்கள் தளத்தில் இரண்டு விரலால் பெரிதாக்குவதைத் தடுத்திருக்கிறார்கள். ஐபோன் 2016 முதல் இந்தத் தடையைப் பொருட்படுத்துவதில்லை, ஆண்ட்ராய்டு குரோம் மதிக்கிறது. தளத்தின் நிரலில் அந்தத் தடையைப் போடும் வரியை உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள். துணியைத் தொட்டுப் பார்க்க முடியாத இடத்தில் உற்றுப் பார்க்கவும் விடாமல் இருப்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

வேகத்தைச் சோதிக்க கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இலவசம். முகவரியைப் போட்டு மொபைல் பகுதியைப் பாருங்கள். முக்கியமான படம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் அசைவு தெரிய வேண்டும். பக்கம் ஏறும்போது துள்ளும் அளவு 0.1க்குள் நிற்க வேண்டும். உங்கள் தளத்தில் மூன்றாவது மோசம். படங்களுக்கு உயரம் குறிப்பிடாததால் ஒவ்வொன்றும் வந்து விழும்போது கீழே இருப்பது நகர்கிறது. 'கூடையில் சேர்' என்று விரலை வைக்கப்போனால் அங்கே வேறு சேலை வந்து நிற்கிறது.

முகவரி எழுதும் ஃபார்மில் பதினோரு கட்டங்கள் இருக்கின்றன, பாதியைக் குறைக்கலாம். போனில் கீபோர்டு ஏறியதும் திரையில் ஏறக்குறைய பாதி மறைந்துவிடும் என்பதை மனதில் வைத்து எண்ணுங்கள். பின்கோடு, போன் எண் கட்டங்களில் எண் கீபோர்டு வரட்டும். பின்கோடு போட்டதும் ஊரும் மாநிலமும் தானாக நிரம்பட்டும். எழுத்து 16 பிக்ஸலுக்குக் குறைந்தால் ஐபோனில் கட்டத்தைத் தொட்டவுடன் பக்கம் பெரிதாகி ஓரம் வெட்டுப்படும். பட்டன்கள் 48 பிக்ஸல் உயரம் இருக்கட்டும். தமிழ்க் குறிப்புகளுக்கு வரி இடைவெளி போதவில்லை, மேல்வரியில் 'கு', 'ழு' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி, கீழ்வரியில் 'கி', 'கீ' போன்ற எழுத்துகளின் மேல்குறியில் இடிக்கிறது. நீளமான சொற்கள் திரைக்கு வெளியே போகின்றன. இரண்டும் தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் கோப்பில் ஓரிரு வரியில் முடியும்.

டெவலப்பர் வேலையை முடித்துக் காட்டும்போது அவருடைய பெரிய மானிட்டரில் குரோம் ஜன்னலைச் சுருக்கிக் காட்டுவார். அதில் அகலம் மட்டும்தான் தெரியும். கட்டைவிரல் எட்டும் தூரம், வெயிலில் மங்கும் திரை, சிக்னல் விழுந்து எழுவது எதுவும் அதில் தெரியாது. ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013இல் பொது இடங்களில் போன் பயன்படுத்திய 1,333 பேரைக் கவனித்தபோது, திரையைத் தொட்டு இயக்கியவர்களில் 49 சதவீதம் பேர் ஒரு கையிலேயே பிடித்துப் பயன்படுத்தினார்கள். இன்னொரு கையில் பை இருக்கும், பஸ் கம்பி இருக்கும், குழந்தை இருக்கும். ஆகவே, பத்தாயிரம் ரூபாய் விலையுள்ள போன் ஒன்றை, உங்கள் தளத்தை இதுவரை பார்க்காத உறவினர் யாரிடமாவது கொடுங்கள். 'மூவாயிரம் ரூபாய்க்குள் ஒரு சேலை வாங்குங்க அத்தை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். உதவி செய்யாதீர்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, எதைத் தவறாகத் தொடுகிறாரோ அதுதான் டெவலப்பருக்கு நீங்கள் தரவேண்டிய பட்டியல். அந்த ஆள் பணம் கட்டி முடிக்கும்வரை கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.

போனைச் சரிசெய்யும்போது கணினியை விட்டுவிடாதீர்கள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் புட்டீக் நடத்துபவர்கள் மொத்தமாக எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் கடை மேசையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் தங்கள் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, முப்பது நாற்பது சேலைக்கு ஆர்டர் போடுபவர்கள். போன் வடிவத்தையே இழுத்துப் பெரிதாக்கி, திரைக்கு இரண்டு சேலையும், மூன்று கோட்டுக்குள் ஒளிந்த மெனுவும் வைத்தால் அவர்களுக்கு எரிச்சல்தான் வரும். அகலமான திரையில் மெனு முழுதாக வெளியே தெரியட்டும், வரிசைக்கு நான்கைந்து சேலை நிற்கட்டும். மொத்த ஆர்டருக்கென்று குறியீட்டு எண், நிறம், இருப்பு, விலை, எண்ணிக்கை கொண்ட ஓர் அட்டவணைப் பக்கம் போடுங்கள். மவுஸைத் தொடாமல் டேப் விசையால் கட்டத்துக்குக் கட்டம் நகர்ந்து எண்ணிக்கையை நிரப்ப முடிய வேண்டும். அதே அட்டவணை போனில் சேலைக்கு ஒரு பெட்டியாக அடுக்கி வந்தால், கொள்முதலுக்காக வெளியூரில் இருக்கும் புட்டீக்காரரும் அங்கிருந்தே எண்ணிக்கையை மாற்றிக்கொள்வார்.