எண்ணப்படாத பாட்டு: இணைய அல்பங்களும் விற்பனை வரிசைகளும் – கேள்வி பதில்

ஹட்டன் நகரில் பதினெட்டு ஆண்டுகள் ஒலிநாடாவும் இறுவட்டும் விற்றவன் நான். கடையை மூடிய பின்பு, மலையகப் பிள்ளைகள் பதிவுசெய்யும் பாடல்களை இணையக் கடைகளில் ஏற்றிக் கொடுத்து வருகிறேன். பாட்டை இணையத்தில் விற்பது பற்றியும் விற்பனை வரிசைகள் பற்றியும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கொட்டகலையிலிருந்து ஓர் ஆசிரியை: வணக்கம் அண்ணா. காசு கொடுத்துப் பாட்டைத் தரவிறக்கும் வழக்கம் ஐபாட் வந்த பிறகுதான் தொடங்கியதா?

இல்லை டீச்சர், அதற்கும் முன்பே. 1994 ஜூன் மாதம் ஏரோஸ்மித் என்ற அமெரிக்க ராக் குழு ஒரு முழுப் பாட்டைக் கம்ப்யூசேர்வ் வலையமைப்பில் இலவசமாகக் கொடுத்தது. அன்றைய தொலைபேசி இணைப்பில் அந்த ஒரு பாட்டை இறக்க ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். 1997இல் டுரான் டுரான் குழு ஒரு பாட்டை 99 அமெரிக்கச் சதத்துக்கு விற்றது. இடையில், 1995இல், பாட்டைச் சிறிய கோப்பாகச் சுருக்கும் முறைக்கு எம்பி3 என்ற பெயர் வந்தது. 1999இல் நாப்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வுச் சேவை வந்து, உலகம் முழுவதும் பாட்டை இலவசமாகப் பரிமாறிக்கொண்டது. வழக்குகளுக்குப் பின் 2001இல் அது நின்றது.

வியாபாரமாக அது நிலைத்த நாள் 2003 ஏப்ரல் 28. அன்றுதான் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தது. 2 இலட்சம் பாடல்கள், எந்தப் பாட்டானாலும் 99 சதம். முதல் வாரத்திலேயே 10 இலட்சம் பாடல்கள் விற்றன. மக்களைக் கவர்ந்தது விலை மட்டுமல்ல. பன்னிரண்டு பாட்டு உள்ள அல்பத்தில் பிடித்த இரண்டை மட்டும் வாங்கலாம் என்பதுதான் பெரிய ஈர்ப்பு. என் கடைக்கு வருகிறவர்களும் அதைத்தான் கேட்டார்கள். கொப்பியிலிருந்து கிழித்த தாளில் பத்துப் பாட்டின் முதலடிகளை எழுதிக்கொண்டு வந்து, "இதையெல்லாம் ஒரே கசெட்டில் அடித்துத் தாருங்கள்" என்பார்கள். நானும் அடித்துக் கொடுத்தேன். அந்தப் பாடகர்களுக்கு ஒரு சதமும் போகவில்லை. அது தவறு என்று எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

பதுளையிலிருந்து ஒரு தம்பி: எந்தப் பாட்டு முதலிடம் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? யாராவது உண்மையிலேயே எண்ணுகிறார்களா?

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்.

நம் தீவிலிருந்தே தொடங்குகிறேன். 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் அமீன் சயானி தொடங்கிய 'பினாகா கீத்மாலா' என்ற இந்திப் பாடல் நிகழ்ச்சி, தெற்காசியா முழுவதும் புகழ்பெற்ற தரவரிசை நிகழ்ச்சியாக வளர்ந்தது. இந்திய இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையையும், நேயர் மன்றங்கள் அனுப்பிய விருப்பங்களையும் சேர்த்துப் பார்த்து வாராவாரம் பாடல்களை வரிசைப்படுத்தினார்கள். விற்பனையை மட்டும் நம்பினால் என்ன குறை? கடையில் தட்டு தீர்ந்துபோன வாரத்தில், ஊரே கேட்கும் பாட்டுக்கும் விற்பனை பூச்சியமாக இருக்கும். நேயர் மன்றங்கள் அந்தக் குறையை நிரப்பின.

அமெரிக்காவின் பில்போர்ட் இதழும் நெடுங்காலம் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசித்தான் வரிசை போட்டது. கடைக்காரர் தன் நினைவில் இருந்ததைச் சொல்வார், தேங்கிக் கிடக்கும் சரக்கைத் தூக்கிச் சொல்வதும் உண்டு. 1991 மே மாதம் அது மாறியது. சவுண்ட்ஸ்கான் என்ற முறையில், கல்லாவில் பட்டைக் குறியீடு வாசிக்கப்படும்போதே விற்பனை பதிவானது. சில வாரங்களில் வரிசையே புரண்டது. சில்லறை இசை என்று ஒதுக்கப்பட்டிருந்த ராப்பும், நாட்டுப்புற மணம் கொண்ட கன்ட்ரி இசையும் மேலே ஏறின. அவை திடீரென்று விற்கத் தொடங்கவில்லை. முன்பே விற்றுக்கொண்டிருந்தன, எண்ணத்தான் ஆள் இல்லை.

என் கடை மேசையில் ஒரு நீலக் கொப்பி இருந்தது. விற்ற ஒவ்வொரு கசெட்டுக்கும் ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு. சம்பள நாளுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பக்கம் நிரம்பிவிடும். மலையகப் பாடகர் ஒருவர் தன் சொந்தக் காசில் பதிவுசெய்த கசெட் ஒன்று, ஒரு தீபாவளி வாரத்தில் சென்னையிலிருந்து வந்த புதுப் படப்பாட்டைத் தாண்டியது. அந்தக் கோடுகள் என் கொப்பிக்கு வெளியே எங்கும் போகவில்லை. கொழும்பில் யாரும் அதைப் பார்க்கவில்லை, எந்த வானொலியும் அதைச் சொல்லவில்லை. நம்மவர் பாட்டுக்கு ஆள் இல்லை என்று இன்றும் சிலர் சொல்லும்போது எனக்கு அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

பண்டாரவளையிலிருந்து: தரவிறக்கத்தை வரிசையில் முதலில் சேர்த்தவர்கள் யார்?

பிரிட்டன் 2004 செப்டெம்பரில் தரவிறக்கத்துக்கென்றே தனி வரிசை தொடங்கியது. 2005 ஏப்ரலில் அதை முக்கிய வரிசையோடு சேர்த்தார்கள், ஆனால் கடையில் தட்டாகவும் வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 2006 ஏப்ரலில் நார்ல்ஸ் பார்க்லி என்ற இருவர் குழு, தட்டு கடைக்கு வருவதற்கு முன்பே, தரவிறக்கத்தால் மட்டும் முதலிடம் பிடித்தது. 2007 ஜனவரியில் நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2005 பெப்ரவரியில் முக்கியத் தனிப்பாடல் வரிசையில் சேர்த்தார்கள்.

நாவலப்பிட்டியிலிருந்து ஒரு மாணவர்: ஐயா, பத்துப் பாட்டு ஓர் அல்பத்துக்குச் சமம் என்று படித்தேன். இது என்ன கணக்கு?

எல்லாரும் தனித்தனிப் பாட்டாக வாங்கத் தொடங்கியதும், அல்பத்தை எப்படி எண்ணுவது என்ற சிக்கல் வந்தது. ஓர் அல்பத்திலிருந்து பத்துப் பாட்டு விற்றால் ஓர் அல்பம் என்று தோராயமாக வைத்துக்கொண்டார்கள். 2014 டிசம்பரில் பில்போர்ட் இதைத் தன் அல்பம் வரிசைக்கே எடுத்துக்கொண்டு, 1,500 முறை இணையத்தில் கேட்டாலும் ஓர் அல்பம் என்றது. 2018இல் அதையும் பிரித்தது: சந்தா கட்டிக் கேட்டால் 1,250, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 3,750. ஒரே பாட்டை ஆயிரம் தடவை கேட்பதும், முழு அல்பத்தையும் காசு கொடுத்து வாங்குவதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. முன்னது பழக்கம், பின்னது முடிவெடுத்துச் செய்வது.

நுவரெலியாவிலிருந்து: காசு இருந்தால் முதலிடத்தை விலைக்கு வாங்கிவிடலாமே?

முயன்றிருக்கிறார்கள். 2011 மே மாதம் அமெரிக்கப் பாடகி லேடி காகாவின் புது அல்பத்தை அமேசான் 99 சதத்துக்கு விற்றது. ஓர் அல்பமே ஒரு பாட்டின் விலையில். முதல் வாரம் 11 இலட்சத்துக்கு மேல் விற்றது, அதில் ஏறத்தாழ 4 இலட்சத்து 40 ஆயிரம் அந்த மலிவு விலைப் பிரதிகள். அதே ஆண்டு பில்போர்ட் ஒரு விதி போட்டது: வெளியான முதல் நான்கு வாரங்களில் 3 டொலர் 49 சதத்துக்குக் குறைவாக விற்ற அல்பம் வரிசையில் சேராது. பிறகு, சட்டையோ நிகழ்ச்சி டிக்கெட்டோ வாங்கினால் அல்பம் இலவசம் என்று கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 2020 ஒக்டோபரில் அதற்கும் முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, இலங்கையில் இருந்துகொண்டு நாம் எப்போதாவது சட்டப்படி பாட்டு வாங்கியிருக்கிறோமா?

வாங்க முடிந்தது தங்கச்சி. 2012 ஜூன் மாதம் ஐடியூன்ஸ் கடை ஆசியாவின் 12 இடங்களில் ஒரே நாளில் திறந்தது, இலங்கையும் அதில் ஒன்று. ஆனால் வங்கி அட்டை வேண்டும். தோட்டத்தில் அன்று யாரிடம் கடனட்டை இருந்தது? நம் பிள்ளைகள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கொமினிகேஷன் கடையில் கைபேசியின் சிப்பை (நினைவக அட்டையை) கழற்றிக் கொடுத்து, சில்லறைக் காசுக்கு நூற்றுக்கணக்கான பாட்டை ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்தியாவிலும் இதே கதைதான். பிளிப்கார்ட் 2012 பெப்ரவரியில் பிளைட் என்ற எம்பி3 கடையைத் திறந்து, 2013 ஜூனில் மூடிவிட்டது. என் கடையையும் நான் அந்த ஆண்டுதான் மூடினேன். சிப்பில் ஏறிய பாட்டு காதுக்குப் போனது, கணக்கில் மட்டும் ஏறவில்லை.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி: அண்ணன், நாங்கள் ஐந்து பேர். தப்பும் கிட்டாரும் சேர்த்து ஆறு பாட்டு பதிவுசெய்திருக்கிறோம். இணையத்தில் அல்பமாக விற்கலாமா? என்ன கவனிக்க வேண்டும்?

விற்கலாம் தம்பி, விற்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து சில வேலைகளை முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற பன்னிரண்டு எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண் வேண்டும். அல்பத்துக்கு வேறாக ஒரு பட்டைக் குறியீட்டு எண். பாட்டை உலகக் கடைகளுக்கு அனுப்பும் விநியோக நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டையும் தாமே கொடுத்துவிடும். அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பட்டுவிட்டேன். நான் ஏற்றிக் கொடுத்த ஒரு குழுவின் பாடல்கள், அந்த விநியோக நிறுவனம் தொழிலை நிறுத்தியதும் ஒரே இரவில் எல்லாக் கடைகளிலிருந்தும் மறைந்துவிட்டன. பழைய எண்களை நான் குறித்து வைக்கவில்லை. புது எண்ணோடு மறுபடி ஏற்றியபோது இரண்டு ஆண்டு கேட்ட கணக்கு முழுவதும் பூச்சியத்திலிருந்து தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் என்னை ஒரு சொல் கூடக் கடிந்துகொள்ளவில்லை. எனக்குத்தான் பல நாள் மனம் ஆறவில்லை.

அடுத்தது பெயர்கள். தப்பு அடித்தவரின் பெயரும் இருக்க வேண்டும். மெட்டு பாட்டியிடமிருந்து வந்தது என்றால் அதையும் குறிப்பிடுங்கள். பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஒரு பாட்டில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருந்தால், கணினி உங்களை இரண்டு பாடகர்களாக எண்ணும்.

நேரடியாக விற்க நான் சொல்வது பேண்ட்கேம்ப், 2008இல் தொடங்கிய தளம். தரவிறக்க விற்பனையில் 15 வீதத்தை எடுத்துக்கொள்ளும், பணம் கைமாறும் கட்டணம் வேறு. மீதி உங்களுக்கு. நீங்கள் வைத்த விலைக்கு மேலே கொடுக்க விரும்புகிறவருக்கும் அங்கே வழி இருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் உள்ள நம்மவர்கள் அப்படிக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். தடை ஒன்றுதான்: அங்கிருந்து பணம் பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக வருகிறது, இலங்கையில் பேபால் கணக்கால் பல ஆண்டுகளாகப் பணம் அனுப்பத்தான் முடிந்ததே தவிரப் பெற முடியவில்லை. வெளிநாட்டு உறவினர் கணக்கில் பெறுவதானால், யாருக்கு எவ்வளவு என்று ஐந்து பேரும் கையெழுத்திட்ட ஒரு தாள் இருக்கட்டும். நட்பு கெடக்கூடாது.

பொகவந்தலாவையிலிருந்து: என் அப்பாயி பாடிய தாலாட்டை நான் கைபேசியில் பதிவுசெய்து உறவினருக்கு அனுப்பினேன். அதை யாரோ தன் பெயரில் இணையத்தில் ஏற்றிவிட்டார். தாலாட்டு எல்லாருக்கும் பொது என்கிறார். அப்படியா ஐயா?

தாலாட்டு பொதுவாக இருக்கலாம். அப்பாயியின் குரல் பொதுவல்ல, நீங்கள் செய்த பதிவும் பொதுவல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடியவருக்கும் பதிவுசெய்தவருக்கும் தனித்தனி உரிமை தருகிறது. நாட்டார் வழக்காறுகளை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது பற்றியும் அதே சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் கைபேசியில் உள்ள மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள், பதிவான நாளும் நேரமும் அதில் இருக்கும். அதைக் காட்டி அந்தத் தளத்திலேயே முறைப்பாடு செய்யுங்கள். பிறகு அப்பாயியின் பெயரில், அவர் சம்மதத்தோடு, நீங்களே ஏற்றுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டிக்கோயாவிலிருந்து: இப்போது எல்லாரும் இணையத்திலேயே கேட்கிறார்கள். தரவிறக்கம் செத்துவிட்டதே?

இளைத்துவிட்டது என்பது உண்மை. அமெரிக்காவில் தனிப்பாடல் தரவிறக்கம் 2012இல் 134 கோடியைத் தொட்டது, 2013இல் 126 கோடியாக முதல்தடவை இறங்கியது. அதன்பின் இறக்கம்தான். இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவையான ஸ்பொடிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கும் வந்துவிட்டது. ஆனால் மழை நாளில் எங்கள் மலையில் சிக்னல் போனால் என்ன கேட்பீர்கள்? கையில் கோப்பாக இருக்கும் பாட்டு மட்டும் பாடும். ஆயிரம் பேர் கேட்டுவிட்டுப் போவதைவிட, நூறு பேர் அல்பமாக வாங்கினால் ஒரு சிறிய குழுவுக்கு அடுத்த பதிவுக்கான காசு சேரும்.

தலவாக்கலையிலிருந்து ஒரு சகோதரர்: அப்பா 1980களில் காமன் கூத்துப் பாடிய கசெட் ஒன்று வீட்டில் இருக்கிறது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம். போட்டுக் கேட்டுப் பார்க்கட்டுமா?

தயவுசெய்து போடாதீர்கள். பூஞ்சணம் படிந்த நாடாவை ஓட்டினால் அது டெக்கின் வாசிப்புத் தலையில் ஒட்டும், நாடா இழுபட்டு அறுந்துவிடும். கசெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு இரண்டு வாரம் வையுங்கள். அடுப்பின் மேலோ வெயிலிலோ வைக்க வேண்டாம். பூஞ்சணம் காய்ந்து பொடியானதும், முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை ஓட்டி, அந்த ஒரு தடவையிலேயே கணினியில் சுருக்காத கோப்பாகப் பதிவுசெய்துவிட வேண்டும்.

உங்கள் கைக்குப் பயமாக இருந்தால் காய்ந்த பிறகு என்னிடம் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருக்கிறேன், பழைய டெக் இன்னும் ஓடுகிறது. வரும்போது அப்பாவின் முழுப் பெயர், தோட்டம், டிவிஷன், மாசி மாதத்து அந்தக் கூத்தில் கூடப் பாடியவர்களின் பெயர்கள், இவ்வளவையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.