பிள்ளையின் கோப்பையும் உங்கள் கோப்பையும்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுதுகிறவற்றை இரவில் மகளை நித்திரையாக்கிய பிறகு வாசிப்பேன். நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு ஒரே மகள். ஒரு வயசும் எட்டு மாதமும். திருகோணமலையில், உப்புவெளியில் இருக்கிறோம். அவர் கட்டாரில் வேலை. வீட்டில் நானும் மகளும் மாமியும்தான். காலையில் எழும்பினால் இரவு வரைக்கும் எனக்கு ஒரே வேலை, அவளுக்குச் சாப்பாடு தீத்துறது. முதல் வருசம் நன்றாகச் சாப்பிட்டவள். இப்போது இரண்டு வாய் வாங்கினதும் தலையைத் திருப்புகிறாள், கோப்பையைத் தட்டிவிடுகிறாள். போனில் பாட்டுப் போட்டால்தான் வாய் திறக்கிறாள். இல்லாவிட்டால் முற்றம் முழுக்கக் கோப்பையோடு அவளுக்குப் பின்னால் ஓடவேண்டும். ஒரு நேரச் சாப்பாடு முடிய ஒரு மணித்தியாலம் ஆகிறது.

மாமி நல்லவர். சம்பூர் ஆள். 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் கனகாலம் இருந்தவர். "பிள்ளை வத்திப்போச்சு, தாய்ப்பாலை நிப்பாட்டினால்தான் சோறு இறங்கும்" என்று ஒவ்வொரு நாளும் சொல்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களும் முதலில் கேட்பது "என்ன, பிள்ளை சாப்பிடுறேல்லையோ?" என்றுதான். கிளினிக்கில் நிறை சரி என்கிறார்கள். ஆனால் போன மாதம் கால் கிலோகூடக் கூடவில்லை.

பகல் முடியும்போது இன்றைக்கு என்ன செய்தேன் என்று யோசித்தால் ஒன்றும் இல்லை. நான் சாப்பிட்டேனா என்பதே சில நாளில் ஞாபகம் இல்லை. பிள்ளையோடு சந்தோஷமாக இருக்கிற காலம் இது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கோ சாப்பாட்டு நேரம் வந்தாலே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம் அக்கா?

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்
(பெயர் போடவேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

'நான் சாப்பிட்டேனா என்பதே ஞாபகம் இல்லை' என்ற வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மகளின் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லப்போவதும் அந்த வரியிலிருந்துதான் வரும். ஆனால் முதலில் நிறையைப் பேசிவிடுவோம், பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை முதலாவது பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிவிடும். பிறந்த நிறை மூன்று மடங்காகிற வருசம் அது. இரண்டாவது வருசம் முழுவதும் சேர்த்தாலும் இரண்டு, இரண்டரைக் கிலோதான் கூடும். மாதத்துக்குப் பிரித்தால் 200 கிராம் அளவு. நீங்கள் பயந்து எழுதியிருக்கிற அந்தக் 'கால் கிலோகூடக் கூடவில்லை' என்பதுதான் இந்த வயதின் வழக்கமான கணக்கு. வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். போதாததற்கு இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிறாள். கதவுக்குப் பின்னால் என்ன, வாளிக்குள் என்ன, கட்டிலுக்கு அடியில் என்ன என்று பார்ப்பதற்கே அவளுக்குப் பகல் போதாது. புதிதாக ஒரு கறியைக் கண்டால் சந்தேகத்தோடு பார்ப்பதும் இந்த வயதில்தான் தொடங்கும். போன வருசம் சாப்பிட்டதை இந்த வருசம் துப்பினால் அது உங்கள் சமையலின் குறை இல்லை.

கிளினிக் கார்டை எடுத்து அதில் அச்சடித்திருக்கிற வளைகோடுகளை ஆறுதலாகப் பாருங்கள். முதல் வருசம் விறுவிறுவென்று ஏறிவிட்டு, அப்புறம் அந்தக் கோடுகளே சாய்ந்துவிடுகின்றன. மகளின் கோடு அவற்றின் பக்கத்தால் போய்க்கொண்டிருந்தால் போதும். ஒரு மாதத்து நிறையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். தடிமன், காய்ச்சல் என்று வந்துபோன மாதத்தில் தராசு ஏறாமல் நிற்பது சாதாரணம். ஆனால் கோடு தொடர்ந்து சில மாதம் படுத்தே கிடந்தாலோ, கீழே இறங்கினாலோ, பிள்ளை சோர்ந்துபோய் விளையாடாமல் இருந்தாலோ, விழுங்கக் கஷ்டப்பட்டாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். அப்போது நான் எழுதியதை வைத்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது.

மாமியைப் பற்றிச் சில வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போதும். 2006இல் சம்பூரைவிட்டுப் போன சனங்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கவே 2015 ஆனது. அத்தனை வருசமும் நிவாரண அரிசியையும் மாவையும் பருப்பையும் அளந்து அளந்து பிள்ளைகளுக்குப் பங்கு போட்டவர் அவர். உங்கள் கணவரும் அப்போது அந்தக் கோப்பைக்கு முன்னால் இருந்த பிள்ளைகளில் ஒருவர்தானே. ஒரு பிள்ளை கோப்பையை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டால் அன்றைய நாள் காப்பாற்றப்பட்டது என்று அர்த்தம். அப்படி வாழ்ந்த ஒரு மனிசிக்கு, சோறு மிச்சமிருக்கிற கோப்பையைக் கண்டால் நெஞ்சு பதறும். அவர் உங்களைக் குறை சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவருடைய பயத்துக்கு இப்போது கிடைத்திருக்கிற இடம் உங்கள் மகளின் கோப்பை. இதை விளங்கிக்கொண்டால் அவரோடு கதைப்பது கொஞ்சம் லேசாகும்.

ஆனாலும் தாய்ப்பால் விஷயத்தில் மாமி சொல்வதைக் கேட்காதீர்கள். இரண்டு வயதுவரைக்கும், விருப்பமென்றால் அதற்குப் பிறகும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சோற்று நேரத்துக்குச் சற்று முன்னால் கொடுக்காமல், சோற்றுக்குப் பிறகோ நித்திரைக்கு முன்போ கொடுங்கள், அவ்வளவுதான். வயிற்றை உண்மையில் அடைக்கிற சாமான்கள் வேறு. போத்தலில் பால்மா கரைத்துக் கொடுக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம்முடைய ஊரில் அது இல்லாத வீடு குறைவு. ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் பால் போனால் சோற்றுக்கு இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும். அடுத்தது தேத்தண்ணி. பின்னேரத்தில் பெரியவர்கள் தங்கள் தேத்தண்ணியில் பிஸ்கட்டைத் தோய்த்துப் பிள்ளையின் வாயில் வைப்பது அன்பால்தான். ஆனால் தேயிலை, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. பிஸ்கட்டின் இனிப்பு இரவுச் சாப்பாட்டுப் பசியைக் கொன்றுவிடும். இந்த இரண்டையும் நிறுத்தினாலே பாதிச் சண்டை குறையும்.

சரி, இப்போது உங்கள் கோப்பைக்கு வருவோம். நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தெரிகிற காட்சி இது: பிள்ளைக்குத் தனியாக ஒரு நேரம், தனியாக ஒரு கோப்பை, அதற்கு முன்னால் ஒரு போன். மாமிக்கு ஒரு நேரம். கடைசியில் குசினிக்குள் நின்றபடி, ஆறிப்போன சோற்றை, மகள் விட்ட மிச்சத்தோடு சேர்த்து நீங்கள். அல்லது அதுவும் இல்லை. மகள் யாரும் சாப்பிடுவதைப் பார்க்கவில்லை. ஒரு பெரிய ஆள் தன் வாயையே பார்த்துக்கொண்டு கரண்டியோடு வருவதைத்தான் பார்க்கிறாள். எனக்கு அப்படி யாராவது தீத்தினால் நானும் எழும்பி ஓடுவேன்.

நீங்கள் அவளோடு இருந்து சாப்பிடுங்கள். நான் சொல்ல நினைத்தது இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். பாயை விரித்து மூன்று பேரும் வட்டமாக இருங்கள். உங்கள் கோப்பையில் உங்கள் சோறு சூடாக இருக்கட்டும். அவளுக்கு ஒரு சின்னக் கோப்பையில், நீங்கள் சாப்பிடுகிற அதே சோறு, பருப்பு, மீன். தூள் போடுவதற்கு முன் அவளுடைய பங்கைச் சட்டியிலிருந்து எடுத்துவிட்டால் தனிச்சமையலும் இல்லை. இரண்டு மேசைக்கரண்டி அளவு போட்டால் போதும். குவித்துப் போட்ட சோறு உங்களுக்குத்தான் ஆறுதல், அவளுக்கு மலைப்பு. இன்னும் கேட்டால் இன்னும் போடலாம். அவள் கையாலேயே அள்ளட்டும். சொதியில் ஊறிய இடியப்பத்தை விரலால் பிசைந்து, மூக்கிலும் தலைமயிரிலும் பூசி, கடைசியில் நாலு வாய் உள்ளே போகும். பாய் நாசமாகும். கிணற்றடியில் வைத்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சரி. (அந்த வாளியை நிறைத்து வைத்துவிட்டு மட்டும் உள்ளே போகாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைக்குச் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து. கிணற்றுக்கட்டு பதிவாக இருந்தால் மூடி போடுங்கள்.)

என்ன சமைப்பது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பது உங்கள் கையில். எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள். தலையைத் திருப்பினால் 'போதுமா? சரி' என்று கோப்பையை எடுத்துவிட்டு உங்கள் சாப்பாட்டைத் தொடருங்கள். கெஞ்சவும் வேண்டாம், முகத்தைச் சுருக்கவும் வேண்டாம், பின்னால் ஓடவும் வேண்டாம். அடுத்த சாப்பாடு இரண்டரை, மூன்று மணித்தியாலம் கழித்துத்தான். அதுவரை தண்ணீர் மட்டும். பகலில் மூன்று நேரச் சாப்பாடும், இடையில் ஒன்றிரண்டு தடவை பழமோ சட்டித் தயிரோ அவித்த கிழங்கோ என்று ஒழுங்கு வைத்தால் பசி தானாக அந்த நேரத்துக்கு வந்து நிற்கும். முதல் சில நாள் இப்போது இருப்பதைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுவாள். அந்த நாட்களைத் தாங்குவதுதான் கஷ்டம், அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. புதிய கறி ஒன்றைப் பிடிப்பதற்குப் பத்துப் பதினைந்து தடவை அவள் அதைக் காணவேண்டியிருக்கும். வல்லாரையையோ முருங்கையிலையையோ இரண்டு தரம் துப்பினாள் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் ருசித்துச் சாப்பிடுவதை அவள் பார்க்கட்டும்.

பால் கொடுக்கிற உடம்புக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பாடு தேவை என்பதையும் மாமியிடம் சொல்லுங்கள். சம்பூர்க்காரி அதை உடனே விளங்கிக்கொள்வார். 'நீயும் சாப்பிடு பிள்ளை' என்று உங்களைப் பார்த்துச் சொல்ல அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

மீன் விஷயத்தில் கவனம். சூடை, கீரி ருசியான மீன்கள்தான், ஆனால் முள் எடுத்து மாளாது. பாரையோ சீலாவோ துண்டாகக் கிடைத்தால் அவளுடைய பங்குக்கு அது நல்லது. முள்ளைப் பார்த்து எடுக்கிற வேலையை மாமியிடம் கொடுங்கள். நம்முடைய கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களின் விரலுக்கு அது பழக்கம். பின்னேரம் கடற்கரைக்குப் போனால் கச்சான் சரையை அவள் கையில் கொடுக்க வேண்டாம், முழுக் கச்சானும் (நிலக்கடலை) முழு முந்திரிகைப் பழமும் (திராட்சை) இந்த வயதில் தொண்டையில் அடைக்கும். ஓடிக்கொண்டும் அழுதுகொண்டும் இருக்கிற பிள்ளையின் வாயில் சாப்பாடு வைப்பதும் அதே ஆபத்துத்தான். முற்றத்து ஓட்டத்தை நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

போன். இரண்டு வயதுக்குக் கீழே திரைக்கு முன்னால் இருத்தும் பழக்கமே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் இருக்கிறது. பாட்டுப் பார்த்தபடி சாப்பிடுகிற பிள்ளைக்கு என்ன சாப்பிட்டோம் என்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. படிப்படியாக நிறுத்துவதைவிட, பாயில் இருக்கிற நேரத்தில் வீட்டில் யாருடைய கையிலும் போன் இல்லை என்று வைப்பது சுகம். ஒன்றே ஒன்றுக்கு விலக்கு உண்டு. கட்டாரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்கே பகல் ஒரு மணி என்றால் அங்கே பத்தரை. கணவர் தன்னுடைய காலைச் சாப்பாட்டை அந்த நேரத்துக்குப் பிந்தி வைத்துக்கொண்டு வீடியோவில் உங்களோடு சேர்ந்து சாப்பிடட்டும். மகளுக்குச் சாப்பாடு தீத்துவதற்காக அவர் வேடிக்கை காட்டத் தேவையில்லை. அவரும் பாயில் இருக்கிற ஒருவராக இருந்தால் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் சொல்கிற அப்பா வேறு, ஓடிக்கொண்டே இருக்கிற பாட்டு வேறு. அது பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

பகலில் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளையை நாள் முழுக்க விழாமல், சுடாமல், மூழ்காமல், பயப்படாமல் வைத்திருந்து இரவில் நித்திரையாக்கியிருக்கிறீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு திருகோணமலைக் கோட்டை வாசல் பக்கம் மான் பார்க்கப் போங்கள். மானோடு அரைமணித்தியாலம் நின்று, கொஞ்சத் தூரம் தானாக நடந்த பிள்ளை வீட்டுக்கு வந்ததும் தானாகவே குசினிப் பக்கம் பார்க்கும். உங்களுக்கும் கடற்காற்றுப் படட்டும்.

அடுத்த கிளினிக் நாளுக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலே குடும்பநல மாதுவிடம் சொல்லிவையுங்கள், கார்டில் இருக்கிற கோட்டை மாமியின் முன்னால் வைத்து விளக்கச் சொல்லி. நீங்கள் சொல்லி அவர் நம்புவதைவிட, வெள்ளைச் சீலை கட்டிய ஒருவர் விரல் வைத்துக் காட்டினால் சீக்கிரம் நம்புவார். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா