பழைய ஆங்கிலத்தில் கப்பல் சொற்கள்: கேள்வி பதில்

இங்கே பழைய ஆங்கிலம் என்பது ஆங்கிலோ-சாக்ஸன் மக்களின் மொழி. 5ஆம் நூற்றாண்டில் தொடங்கி ஏறக்குறைய 1100 வரை. ஷேக்ஸ்பியர் எல்லாம் ரொம்பப் பிந்தியவர். அவரைப் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி (மாலுமிப் பயிற்சி மாணவர்): கப்பலின் வலப்பக்கத்தை ஏன் ஸ்டார்போர்டு என்கிறோம்? நட்சத்திரத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா சார்?

பதில்: இல்லை தம்பி. பழைய வடிவம் 'ஸ்டேயோர்போர்ட்'. கப்பலைத் திருப்பும் பக்கம் என்று பொருள். அக்காலத்துக் கப்பல்களில் சுக்கான் பின்முனையின் நடுவில் இல்லை. அகலமான ஒரு துடுப்பை வலப்பக்கத்தில், பின்முனையை ஒட்டிக் கட்டியிருப்பார்கள். அதைப் பிடித்து நிற்பவரின் முதுகு இடப்பக்கம் பார்த்திருக்கும். அதனால் அந்தப் பக்கம் 'பேக்போர்ட்', அதாவது முதுகுப் பக்கம். ஜெர்மன் மாலுமிகள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆங்கிலேயர்கள் அதை விட்டுவிட்டு, சரக்கு ஏற்றும் பக்கம் என்ற பொருளில் 'லார்போர்டு' என்றார்கள். வலப்பக்கத்தைக் கரையில் அணைத்தால் சுக்கான் நொறுங்கும் அல்லவா? ஆனால் காற்றின் இரைச்சலில் ஸ்டார்போர்டும் லார்போர்டும் ஒரே மாதிரி காதில் விழும். 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை ஒழித்து 'போர்ட்' என்று மாற்றியது.

கேள்வி (படகு கட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவர்): கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரமான ஏராவை ஆங்கிலத்தில் 'கீல்' என்கிறார்களே, அதுவும் அவ்வளவு பழைய சொல்லா?

பதில்: ஏராவைக் குறிக்கும் 'கீல்' வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதைப்போல ஒலிக்கும் 'சேஓல்' என்ற சொல் இருந்தது. அது முழுக் கப்பலையே குறிக்கும். 6ஆம் நூற்றாண்டில் கில்டாஸ் என்ற துறவி லத்தீனில் எழுதும்போது, சாக்ஸன்கள் மூன்று 'கியுல்'களில் வந்து இறங்கினார்கள், நீண்ட கப்பலுக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர் என்கிறார். எழுத்தில் பதிவான முதல் ஆங்கிலச் சொல் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு.

கேள்வி (ஆங்கில இலக்கிய ஆசிரியர்): பழைய கவிதைகளில் கப்பலுக்கு இத்தனை பெயர்கள் எதற்கு? மாணவர்களுக்கு விளக்கவே முடியவில்லை.

பதில்: மோனையைச் சொல்லி ஆரம்பியுங்கள் ஐயா, நம் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அந்த யாப்பில் ஒவ்வொரு அடியும் இரண்டு பாதி. இரண்டாம் பாதியில் முதலில் அழுத்தம் பெறும் சொல் எந்த ஒலியில் தொடங்குகிறதோ, முதல் பாதியில் ஒரு சொல்லாவது அதே ஒலியில் தொடங்க வேண்டும். ஆகவே கப்பலுக்கு 'ஷ', 'ந', 'ஃப', 'ச' என்று பல எழுத்துகளில் பெயர் கைவசம் இருந்தாக வேண்டும்: 'ஷிப்', 'நாகா', 'ஃப்ளோட்டா', 'சேஓல்'. போதாவிட்டால் சேர்த்துக் கட்டினார்கள். 'ஸண்ட்வுடு' என்றால் நீந்தும் மரம். 'ஸேஹெங்கெஸ்ட்' என்றால் கடலில் ஓடும் ஆண்குதிரை. பேயோவுல்ஃப் காவியம் கடலைத் திமிங்கலப் பாதை என்கிறது. அதிலேயே கப்பலுக்கு 'நுரை படிந்த கழுத்துடையது' என்றும் ஓர் அடைமொழி உண்டு. என் கணிப்பில், அந்த யாப்பு தளர்ந்ததுதான் இந்தச் சொற்களுக்கு வினையானது. உரைநடைக்கு 'ஷிப்' ஒன்றே போதுமே.

கேள்வி (வரலாற்று மாணவி): ஆல்ஃபிரெட் அரசர்தான் ஆங்கிலக் கடற்படையின் தந்தையா?

பதில்: பட்டம் கொஞ்சம் அதிகம்தான். அவருக்கு முன்பும் சாக்ஸன்கள் கடலில் சண்டை போட்டிருக்கிறார்கள். 896ஆம் ஆண்டுக் குறிப்பில் ஆங்கிலோ-சாக்ஸன் வரலாற்றேடு சொல்வது இது: டென்மார்க் வைக்கிங்குகளான டேனியர்களின் 'ஆஷ்' கப்பல்களை எதிர்க்க அவர் நீண்ட கப்பல்கள் கட்டினார். சிலவற்றுக்கு 60 துடுப்பு, சிலவற்றுக்கு இன்னும் அதிகம். வடகடல் கரையோர மக்களான ஃப்ரிசியரின் மாதிரியும் இல்லை, டேனிய மாதிரியும் இல்லை, அவருக்கு எது நல்லதென்று பட்டதோ அந்த மாதிரி. 'ஆஷ்' என்பது ஒரு மரத்தின் பெயர். எதிரியின் கப்பலுக்கு ஆகி வந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. புதுக் கப்பல்கள் ஒன்பது போய் டேனியரின் ஆறு கப்பல்களை ஒரு கழிமுகத்தில் மடக்கின. சண்டைக்கு நடுவே நீர் வற்றி, ஒன்பதும் தரைதட்டி நின்றன. டேனியர் நடந்தே வந்து மோதினார்கள். ஆங்கிலேயரும் அவர்களோடு இருந்த ஃப்ரிசியருமாக 62 பேரும் டேனியரில் 120 பேரும் மாண்டார்கள். வெள்ளம் ஏறியபோது அது முதலில் தூக்கிவிட்டது டேனியரின் கப்பல்களைத்தான். அவர்கள் துடுப்புப் போட்டுத் தப்பினார்கள்.

அந்த ஏடு எதிரியின் படையைப் பெரும்பாலும் 'ஹெரெ' என்றும் சொந்தப் படையை 'ஃபியுர்ட்' என்றும் எழுதும். கப்பற்படைக்கு 'ஷிப்ஹெரெ', 'ஷிப்ஃபியுர்ட்' என்று இரண்டு சொற்களும் உண்டு.

கேள்வி (சென்னை வாசகர்): அதே ஆல்ஃபிரெட் இந்தியாவுக்கு ஆள் அனுப்பினார் என்று படித்தேன். உண்மையா?

பதில்: வரலாற்றேட்டின் 883ஆம் ஆண்டுக் குறிப்பில் இருக்கிறது. சிகெல்ம், அத்தெல்ஸ்டன் என்ற இருவர் ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமாவுக்கும் பர்த்தலமேயுவுக்கும் காணிக்கை கொண்டு போனதாக. மயிலாப்பூரை நினைத்து நமக்கு ஆசை வரும். ஆனால் ஒரு பிரதியில் இந்தியா இருக்கும் இடத்தில் யூதேயா என்று இருக்கிறது. அவர்கள் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று போதாது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): சரி, இன்றும் பிழைத்திருப்பவை எவை?

பதில்: அன்றாடம் கையாண்டவை எல்லாம். ஸெயில் (பாய்), மாஸ்ட் (பாய்மரம்), ஓர் (துடுப்பு), ஸீ (கடல்), எப் (கடல்நீர் வற்றுவது), ஃப்ளட் (கடல்நீர் ஏறுவது). சுக்கானைக் குறிக்கும் 'ரட்டர்' உண்டு, ஆனால் முதலில் அது துடுப்பு. 'ஸ்கிப்பர்', 'டெக்', 'யாட்' மூன்றும் டச்சு வரவு. கடலுக்கு இன்னொரு பழைய பெயரான 'மெரெ' சுருங்கி, இன்றைய ஆங்கிலத்தில் ஏரிக்குப் பெயராகிவிட்டது. கடலாக அது மிஞ்சியிருப்பது 'மெர்மெய்ட்' (கடற்கன்னி) போன்ற சொற்களுக்குள்தான்.